பாம்பூஃப்ளாட் தாண்டி ஒரு கல்லைக் காட்ட: ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ட்ரைபாடும் ஒரு காலைப் பயணமும்

இந்த மாசியில் ஒரு வியாழக்கிழமை ட்ரைபாடு வாங்கினேன். மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு லம்பா லைன் வீட்டிலிருந்து கிளம்பினேன். போனது ஒரே ஒரு கல்லைக் காட்ட. காட்ட வேண்டியது என் வீட்டுக்காரி ராக்குவுக்கு.

ராக்கு இப்போது மதுரையில் மகள் செல்வி வீட்டில் இருக்கிறாள். பக்கவாதம் வந்து பதினாலு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வார்த்தை வந்தால் உண்டு. அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏர்போர்ட்டுக்குப் போகும்போது வாய் கோணியபடியே என்னிடம் சொன்னாள்: "வீட்டப் பாத்துக்க. வந்துடுறேன்." கூடப் போய் நாலு மாதம் இருந்துவிட்டு, வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்தேன். இனிமேல் இந்தத் தீவுக்கு வர விமானமும் கூடாது, மூணு நாள் கப்பலும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனவள் போதும் என்று இன்னும் சொல்லவில்லையே. அதனால் இங்கேயே இருந்தேன்.

தை மாதக் கடைசியில் செல்வி போன் பண்ணினாள். "அப்பா, ரெண்டு நாளா அம்மா ஒரே வார்த்தையச் சொல்றாங்க. கல்லு, கல்லுங்கறாங்க. அரிசியில கல் கெடந்துச்சோன்னு பாத்தேன், இல்ல." எந்தக் கல் என்று எனக்கு உடனே தெரிந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுத்தாக்கிக்கொள்கிறது. கீழ்வீட்டு டீச்சரம்மா அதைத் திருத்தி நெட்டில் ஏற்றிவிடுகிறார். எழுத்து இல்லாதவனுக்கு ஞாபகம்தான் நோட்டு. ஆகவே இதில் வருகிற விலை, நேரம், தூரம் எல்லாம் சரியாக இருக்கும், நம்பி வாங்கலாம்.

முதலில் கையிலேயே படம் பிடித்துப் பார்த்தேன். போன வருஷத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. சாத்தம் பாலத்தில் நின்று கடலை எடுத்து அனுப்பினேன். ராக்கு கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம். "அப்பா, போட்ல போற மாதிரி ஆடுது. அம்மாவுக்குக் குமட்டுது," என்றாள் செல்வி. அப்போதுதான் மூணுகால் ஸ்டாண்டு வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

மூணுகால் ஸ்டாண்டு எனக்குப் புதிதில்லை. முப்பத்தொரு வருஷம் ரோடு வேலையில் செயின்மேனாக இருந்தவன் நான். சர்வேயருக்குச் சங்கிலி இழுப்பது, அளவுக்கருவியின் மரக்கால் ஸ்டாண்டைத் தோளில் சுமப்பது, கோடு போட்ட உயரமான கம்பைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் ஆடாமல் நிற்பது, இதுதான் செயின்மேன் வேலை. காட்டுக்குள்ளே கத்தினால் கேட்காது, கைச்சாடைதான். கையைப் பக்கவாட்டில் வீசினால் நகரு. ஒரு கையை மேலே தூக்கினால் அப்படியே நில். இரண்டு கையும் தலைக்கு மேலே போனால் வேலை முடிந்தது, கம்பை எடுத்துக்கொண்டு வா. அந்த இரண்டு கை தெரிகிறவரைக்கும் செயின்மேன் இடத்தை விட்டு அசையக் கூடாது. மழை வந்தாலும் சரி, அட்டை காலில் ஏறினாலும் சரி.

கடைக்கு வருகிறேன். அபர்டீன் பஜாரில் மூணு கடை ஏறினேன். முதல் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்று, வளைகிற கால், ஆக்டோபஸ் மாதிரி. மேஜையில் வைக்கலாம், மேட்டில் வைத்தால் உட்கார்ந்துவிடும். இரண்டாவது கடையில் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு ஆளுயர ஸ்டாண்டு. பார்க்க ஜம்மென்று இருந்தது. காலை இழுத்துவிட்டு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், குடை மடங்குகிற மாதிரி ஒரு கால் உள்ளே போய்விட்டது. கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூணாவது கடை ஒரு பெங்காலி அம்மாளுடையது. எல்லாரும் தீதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது இருக்கும். பாதி ஹிந்தி, பாதி தமிழ் பேசுகிறார்.

"தாத்தா, ரீல்ஸ் பண்ணப் போறீங்களா? டான்ஸ் ஆதா ஹை க்யா?"

"ஆட வராது தீதி. ஆடாம நிக்கத்தான் வரும். அதுக்கொரு ஸ்டாண்டு குடு."

நாலு ஸ்டாண்டு எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் விரித்து, என் போனை மாட்டி, எதிர்க்கடைப் பலகையைத் திரையில் வைத்துக்கொண்டு, ஸ்டாண்டு காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டிவிட்டு எண்ணவேண்டும். மூணு எண்ணுவதற்குள் படத்தின் நடுக்கம் நின்றால் நல்ல ஸ்டாண்டு. ஆறு, ஏழு என்று போனால் வேண்டாம். விலைச்சீட்டைவிட இந்தத் தட்டு நிஜம் பேசும்.

"அரே பாபா, தர்பூஸ் வாங்கற மாதிரி தட்றீங்க," என்றார் தீதி. தர்ப்பூசணிக்கு நான் தட்டுகிறதில்லை, காம்பைப் பார்ப்பேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டு விலையில் நூற்றைம்பது குறைத்தார்.

ஆயிரத்து அறுநூற்றைம்பது சொன்னதை ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். அலுமினியக் கால், ஒவ்வொரு காலும் மூணு துண்டு. முழுக்க இழுத்தால் என் நெஞ்சுக்கு வருகிறது. திருகுகிற பூட்டு இல்லை, நெம்பி மூடுகிற பூட்டு. என்னைப்போலக் கை நடுங்குகிறவர்கள் நெம்பு பூட்டையே வாங்குங்கள், திருகு பூட்டு பாதியில் நின்றுவிட்டால் தெரியாது. நடுத்தண்டுக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கிறது. மட்டம் பார்க்கக் குமிழி இருக்கிறது, ஆனால் அது சும்மா. ஒரு டம்ளர் தண்ணீரை மேலே வைத்துப் பார்த்தேன், குமிழி பொய் சொல்லியது. இந்த விலைக்கு அதையும் எதிர்பார்த்தால் எப்படி. போன் மாட்டுகிற பிடி கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், சில கடையில் அதைத் தனியாக விற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வீட்டைப் பூட்டினேன். பஸ்ஸில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சாத்தம், இரண்டும் சேர்த்து இருபத்தைந்து ரூபாய். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஸ்டாண்டை விரிக்காதீர்கள். நான் சும்மா ஒரு காலை இழுத்துப் பார்த்ததற்கே காவலர் ஒருவர் வந்து, "சாச்சா, இங்க போட்டோ மனா ஹை," என்றார். மடக்கிவிட்டேன். ஏழு மணி படகு, டிக்கெட் பத்து ரூபாய், பதினைந்து நிமிஷம். படகிலும் ஸ்டாண்டு உதவாது, இஞ்சின் நடுக்கம் கால் வழியாக ஏறிவிடும். தண்ணீரில் போகும்போது கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் கண்ணால்தான் பார்த்தேன். அந்தப் படகில் எத்தனை தடவை போயிருக்கிறோம். ராக்கு எப்போதும் இஞ்சின் பக்கம்தான் உட்காருவாள், சூடாக இருக்கும் என்பாள். அன்றைக்கும் அந்த இடம் காலியாக இருந்தது. நான் எதிரே நின்றுகொண்டே வந்தேன்.

பாம்பூஃப்ளாட்டில் இறங்கி ஆட்டோ பேசினேன். ஓட்டுகிறவர் பெயர் அப்பாராவ், தெலுங்குக்காரர், பிறந்து வளர்ந்தது இங்கேதான். விம்பர்லிகஞ்ச் தாண்டி ஷோல் பே ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர், போகவர, இரண்டு மணி நேரம் காத்திருக்க, அறுநூறு ரூபாய்.

"அங்க என்ன சாச்சா பாக்கப் போறீங்க? பீச் அந்தப் பக்கம் இல்லியே."

"ஒரு கல்லு."

"சாமிக் கல்லா?"

"சர்வே கல்லு. நாங்க நட்டது."

ஒரு வளைவைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "சாச்சா, அறுநூறு ரூபாய்க்கு எங்க வீட்டு வாசல்லயே ஒரு கல்லு நட்டுக் காட்டியிருப்பேன்."

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ரோட்டுக்கு அளவு எடுத்தபோது ஒன்பது மாதம் மேட்டில் தார்ப்பாய் போட்டுக் கிடந்தோம். காட்டை வெட்டிப் பார்வைக்கு வழி திறக்கிற கூட்டத்தில் ராக்கு இருந்தாள். அப்போது அவள் யாரோ, நான் யாரோ. சர்வேயர் ஐயா கருவியில் கண்ணை வைத்துக் குனிந்திருப்பார். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு இவள் கையை வீசுவாள். நான் ஐயாதான் வீசுகிறார் என்று நகர்ந்துவிடுவேன். அவர் நிமிர்ந்து, "எவன்டா உன்ன நகரச் சொன்னது?" என்று வைவார். நாலு தரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் தரம் ஐயா திரும்பிப் பார்த்து அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். கோபக்காரர்தான், ஆனால் அன்றைக்கு என்ன தோன்றியதோ, "அவ்வளவு ஆசைன்னா நீயே பாரு," என்று கருவியில் அவளைப் பார்க்க விட்டார். பழைய கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கம்பும் நானும் ஆகாயத்திலிருந்து தொங்கியிருக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகும் சண்டை வந்தால் இதைத்தான் சொல்வாள்: "தலைகீழா நின்னவனைப் பாத்துக் கட்டிக்கிட்டேன்ல, எனக்கு வேணும்."

அன்றைக்கு நான் நின்ற இடத்தில்தான் கடைசியில் கல் நட்டோம். சிமெண்டு குழைக்க ஓடையிலிருந்து பதினாலு குடம் தண்ணீர் சுமந்தது அவள்தான்.

மேட்டுக்குப் போகும் வழி இப்போது பாக்குத் தோப்பு. தோப்புக்காரம்மாவிடம் அப்பாராவ் ஹிந்தியில் கேட்டார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை, "ஓ, பக்ரி வாலா பத்தர்," என்று கையைக் காட்டினார். ஆட்டுக்கல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் கல் அப்படியே இருந்தது, வெட்டிய எண்கூட அழியவில்லை. அதில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல். தோப்பு மட்டும்தான் புதிது.

ஸ்டாண்டைச் சரிவில் வைக்கும்போது பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். மூணு காலையும் முழுக்க இழுத்து வைத்தால் காற்றுக்கே சாயும். இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம் வைக்கவேண்டும். மேட்டுக்கால் குட்டையாக இருக்கட்டும். கடைசித் துண்டு ஒல்லி, அதை இழுக்காமலே வேலை ஆனால் இழுக்காதீர்கள். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். கொக்கியில் பாரம் தொங்கவிட வேண்டும். தோப்புக்காரம்மா கொடுத்த இரண்டு இளநீரைப் பையில் போட்டுத் தொங்கவிட்டேன். ஒரு தட்டுத் தட்டி எண்ணினேன். இரண்டில் நின்றது.

கல்லிலிருந்து நாற்பது எட்டு தள்ளி ஸ்டாண்டு. நேரம் ஒன்பது நாற்பது. செல்வி அம்மாவைக் குளிப்பாட்டித் தலைகாணி சாய்த்து உட்காரவைக்கும் நேரம். அங்கே இரண்டு கோடு நெட்வொர்க் கிடைத்தது. வீடியோ கால் போட்டேன். செல்வி எடுத்தாள்.

"ஆடல அப்பா. நல்லாத் தெரியுது. அம்மா, பாருங்க, கடல் தெரியுது."

போனில் ராக்குவின் முகம் தெரிந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் அதற்குமேல் பார்க்கவில்லை. அப்பாராவிடம், "போனை மட்டும் பாத்துக்கப்பா, அவ என்ன சாடை காட்டினாலும் அப்படியே எனக்குக் காட்டு," என்றேன். ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டத்தான் போனேன். கட்டியும் விட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் என் புத்தி. முப்பத்தொரு வருஷப் பழக்கம், கால் தானாகக் கல்லுக்குப் போய்விட்டது. ஸ்டாண்டு விரித்தாயிற்று, எதிரே போய் நிற்கவேண்டியதுதானே. கல்லுக்கு முன்னால் போய், கைத்தடியை நேராகத் தரையில் ஊன்றி, விறைப்பாக நின்றுவிட்டேன். யாருக்குக் கல்லைக் காட்ட வந்தேனோ அவளுக்குக் கல்லை மறைத்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்பாராவ் திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், என்னைப் பார்த்து இடது கையைப் பக்கவாட்டில் வீசினார். இரண்டு தரம்.

நகரு.

அது அப்பாராவுக்குத் தெரியாத சாடை. அவர் திரையில் பார்த்ததை அப்படியே காட்டுகிறார். இரண்டு எட்டு நகர்ந்தேன். இன்னொரு வீச்சு வந்தது. இன்னும் ஒரு எட்டு வைத்தேன். அப்பாராவின் ஒரு கை மேலே போனது. அப்படியே நில். நின்றேன். கல் எனக்குப் பக்கத்தில் இருந்தது. காற்றில் தோப்பு சத்தம் போட்டது. தடியைப் பிடித்த கை நடுங்கியதா என்று குனிந்து பார்த்தேன், நடுங்கவில்லை.

அவள் பார்க்கட்டும் என்று நின்றேன். இந்தப் பக்கம் வெயில் சீக்கிரம் ஏறிவிடும். கண்ணில் வேர்வை இறங்கியது. துடைக்கவில்லை, ஒரு கை மேலே இருக்கும்போது துடைக்கக் கூடாது.

அப்புறம் அப்பாராவ் கையைக் கீழே இறக்கினார். திரைக்குக் கிட்டே குனிந்தார். நிமிர்ந்து ஒரு மாதிரி விழித்தார். பிறகு தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து, இரண்டையும் சேர்த்து மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார்.

எதற்கு மணிக்கட்டைப் பிடிக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. தடியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பாதி தூரத்தில் புரிந்தது.

போய்ப் பார்த்தபோதும் அவள் கையை இறக்கவில்லை. உயிருள்ள கையால் உயிரில்லாத கையைப் பிடித்துத் தலைக்கு மேலே வைத்திருந்தாள். முழங்கை நடுங்கிக்கொண்டிருந்தது. செல்வி பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு என்னமோ வேணும். தண்ணி குடுத்தேன், வேணாங்கறாங்க. முதுகு வலிக்குதான்னு கேட்டேன், அதுவும் இல்ல. கைய இறக்க மாட்டேங்கறாங்க."

"அவளுக்கு ஒண்ணும் வேணாம்மா," என்றேன். "வேலை முடிஞ்சுதாம். என்னய வரச் சொல்றா."

போனுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், "வந்துட்டேன் ராக்கு, கைய இறக்கு," என்றேன். அதன்பிறகுதான் இறக்கினாள்.

இளநீர் இரண்டையும் நானும் அப்பாராவும் குடித்தோம். ஸ்டாண்டை அவரே மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஜெட்டி வந்ததும் அறுநூறில் நூறைத் திருப்பிக் கொடுத்தார். "கல்லு நல்ல கல்லு சாச்சா," என்றார். பதினொன்றரைப் படகில் திரும்பினேன். இந்தத் தடவை இஞ்சின் பக்கம் அவள் இடத்தில் உட்கார்ந்து வந்தேன். சூடாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசி, பங்குனியில் போங்கள், மழைக்காலத்தில் அந்த மேட்டில் அட்டை அதிகம். காலை வெயில் கடலுக்கு நல்லது, பத்து மணிக்கு மேல் வெளுத்துவிடும். கையில் குடிதண்ணீர் இருக்கட்டும். தோப்புக்காரர்களைக் கேட்காமல் ஏறாதீர்கள், கேட்டால் யாரும் மறுப்பதில்லை. உப்புக்காற்றில் விரித்த ஸ்டாண்டை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவையுங்கள். கால் துருப்பிடிக்காது, திருகாணி பிடிக்கும். விமானத்தில் போகிறவர்கள் ஸ்டாண்டைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், கைப்பையில் வைத்தால் வாதம் பண்ணுவார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. எழுநூறுக்குக் கீழே வாங்காதீர்கள்.

எனக்குச் சென்னைக் கப்பலில் பங்க் கிளாஸ் டிக்கெட் கிடைத்துவிட்டது. வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டு டீச்சரம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். ஸ்டாண்டை நேற்றே துடைத்து, அபர்டீன் பஜாரில் தீதி கடையில் வைத்துவிட்டு வந்தேன். "வாபஸ் எடுக்க மாட்டேன் தாத்தா," என்று முதலிலேயே கையை விரித்தார். வாபஸ் இல்லை, யாராவது கை நடுங்குகிறவர்கள் வந்தால் சும்மா கொடுத்துவிடு என்றேன். வேண்டுகிறவர்கள் போய்க் கேளுங்கள். ஒரே ஒரு நாள் விரித்தது. மதுரையில் எனக்கு அது வேண்டியிருக்காது.